ஒட்டுக்கேட்கும் உத்தரவில் யார் கையெழுத்துப் போடுவது?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் காலை பூஜை முடிந்து வெளியே வருகிறவர்கள், செருப்பை மாட்டிக்கொண்டு செங்கம் சாலையில் கால் வைத்ததும் போனை எடுக்கிறார்கள். தியான அறையில் அணைத்து வைத்திருந்த போன்கள் சாலையோர டீக்கடைகளில் ஒவ்வொன்றாக ஒலிக்கத் தொடங்குகின்றன. வெளிநாட்டினர் வந்து தங்கும் சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. அப்போது அந்தச் சாலையில் அரை மணி நேரம் நின்றால் பிரெஞ்சு, ரஷ்யன், ஹீப்ரு, ஜெர்மன், தெலுங்கு என்று பல மொழிகள் காதில் விழும். மகள் அம்மாவிடம் பேசுகிறாள். ஒருவர் வக்கீலிடம் விவாகரத்து வழக்கைப் பற்றிக் கேட்கிறார். இன்னொருவர் ஊரிலிருக்கும் டாக்டரிடம் தூக்கம் வராததைச் சொல்கிறார். பெரும்பாலும் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும்தான். ரமணா நகரின் உள்தெருக்களில் குடியிருக்கும் நம்மவர்களும் அப்படியே. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவனோடும் பெங்களூரில் படிக்கும் பிள்ளையோடும் வாட்ஸ்அப் காலில்தான் குடும்பம் நடக்கிறது.

முப்பது வருடங்களுக்கு முன்னால் இதே பேச்சுகள் எஸ்டிடி, ஐஎஸ்டி பூத்துகளில் நடந்தன. கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரைப் பார்த்தபடி, லைன் சரியில்லாததால் கத்திப் பேச வேண்டும். கடைக்காரருக்கும் வரிசையில் நிற்பவருக்கும் பாதிக் கதை தெரிந்துவிடும். அடுத்து பிரவுசிங் சென்டர்கள் வந்தன. அங்கே யார் எப்போது வந்து உட்கார்ந்தார் என்பதை அடையாள அட்டையோடு எழுதி ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2011இல் விதி போட்டார்கள். அந்த இரண்டு கடைகளும் இன்று பையில் இருக்கும் போனுக்குள் போய்விட்டன.

அதனால் இந்தச் சாலையில் பேசுகிறவர்களை அரசுக்குத் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. சிம் கார்டு வாங்கப் போகும் வெளிநாட்டுப் பயணியைப் பாருங்கள். கடைப்பையன் பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கத்தையும் விசா பக்கத்தையும் நகல் எடுக்கிறான், முகத்தைப் படம் பிடிக்கிறான், தங்கியிருக்கும் இடத்தின் முகவரியையும் உள்ளூர்க்காரர் ஒருவரின் நம்பரையும் கேட்டு வாங்குகிறான். விசா முடிந்த பிறகு அந்த சிம் ஓடாது. அதே ஆள் ஒரு லாட்ஜிலோ ஆசிரம விடுதியிலோ அறை எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் போயாக வேண்டும். ஆக, ஆள் யார், எங்கே தங்கியிருக்கிறார், எந்த நம்பர், எந்த டவரில் இருக்கிறது, எந்த நேரத்தில் போன் இணையத்தில் இருந்தது என்பதெல்லாம் அரசின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. எட்டாமல் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: அவர் என்ன பேசினார் என்பது. உலகம் முழுவதும் போலீஸும் நீதிமன்றங்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும் இந்த மிச்சத்தைத்தான் முப்பது வருடங்களாக இழுபறி செய்துகொண்டிருக்கின்றன.

பூட்டு எங்கே இருக்கிறது?

சாதாரண செல்போன் அழைப்பிலும் ஒரு பூட்டு உண்டு. ஆனால் அது போனிலிருந்து டவர் வரைக்கும்தான். டவரைத் தாண்டி நிறுவனத்தின் இணைப்பகத்துக்குள் போனதும் பேச்சு திறந்த நிலையில் பயணிக்கிறது. ஒட்டுக்கேட்பு நடக்கும் இடம் அது. உத்தரவு வந்ததும் நிறுவனத்தில் இதற்கென்றே இருக்கும் பொறுப்பு அதிகாரி அந்த எண்ணைக் கணினியில் ஏற்றுவார். அதன் பிறகு அந்த எண்ணின் ஒவ்வொரு அழைப்பும் இரண்டாக நகலெடுக்கப்பட்டு, ஒன்று பேசவேண்டியவருக்கும் மற்றொன்று விசாரணை அமைப்புக்கும் போகும். பேசுகிற இருவருக்கும் ஒரு சின்ன கரகரப்புகூடக் கேட்காது. போனில் ‘டிக்’ சத்தம் வந்தால் யாரோ கேட்கிறார்கள் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது பழைய காலத்துக் கம்பிப் போனோடு போய்விட்டது.

வாட்ஸ்அப், சிக்னல் அழைப்புகளில் பூட்டும் சாவியும் பேசுகிற இரண்டு போன்களுக்குள்ளேயே உருவாகின்றன. இதுவரை சந்தித்தே இராத இருவர், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கம்பி வழியாகவே தங்களுக்குள் ஒரு ரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976இல் கணித வழியில் காட்டினார்கள். இன்றைய பூட்டுகளின் அடிப்படை அதுதான். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் எல்லாப் பயனர்களுக்கும் இதைக் கொண்டுவந்தது. நீங்களும் நண்பரும் டீக்கடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் போனில் மற்றவரின் பெயரைத் தொட்டு என்கிரிப்ஷன் என்ற இடத்துக்குப் போனால் 60 இலக்கங்கள் வரும். இரண்டு போனிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை. இருந்தால் எண் மாறிவிடும். (டெலிகிராமை நம்பி ரகசியம் பேசுகிறவர்கள் கவனிக்க: அதன் சாதாரண சாட்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது. ‘சீக்ரெட் சாட்’ என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு.)

போலீஸாருக்கு இது நிஜமான இடைஞ்சல். அதை மறைக்க வேண்டியதில்லை. ‘வாட்ஸ்அப் கால்ல வாங்க’ என்ற ஒரே வரி, பேரம் பேசுகிறவனும் கஞ்சா விற்கிறவனும் லஞ்சம் கேட்கிறவனும் முதலில் சொல்லும் வார்த்தையாகிவிட்டது. ஆனால், இந்தியாவில் பூட்டை உடைக்க வேண்டும் என்ற கோரிக்கை கிளம்பியது கடத்தல்காரர்களால் அல்ல. அது கிளம்பிய காரணங்களில் ஒன்று இதே மாவட்டத்தில் நடந்தது.

அத்திமூரில் நடந்தது

2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் கிளம்பி, போளூர் அருகே அத்திமூர் பக்கம் வந்தது. மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் உடன் இருந்தார்கள். வழி கேட்க நிறுத்திய இடத்தில், 65 வயதுப் பாட்டி அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பல நாட்களாகவே வட மாவட்டங்கள் முழுக்க, பிள்ளை பிடிக்கும் கும்பல் வடக்கேயிருந்து இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஆடியோக்களும் வீடியோக்களும் சுற்றிக்கொண்டிருந்தன. சாக்லேட்டைப் பார்த்த யாரோ சந்தேகப்பட்டார்கள். தகவல் அடுத்தடுத்த ஊர்களுக்குப் பறந்தது. கூட்டம் காரை மறித்து, கவிழ்த்து, உள்ளே இருந்தவர்களை அடித்தது. பாட்டி இறந்துபோனார். மற்றவர்கள் படுகாயத்தோடு பிழைத்தார்கள். சாமி கும்பிட வந்த குடும்பம் அது. தமிழ் பேசுகிறவர்கள். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று அவர்கள் சொன்னது அந்தக் கூட்டத்தில் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் 5 பேர். மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வாட்ஸ்அப்புக்குக் கடிதம் எழுதியது. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டும் என்பது கோரிக்கை. வாட்ஸ்அப் அந்த மாதமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு முறைக்கு 5 சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. முதல் ஆளைக் கண்டுபிடித்துச் சொல்ல மட்டும் மறுத்தது.

அந்த வாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த சில வழக்குகளில் சூடுபிடித்தது. இணையத்தில் அவதூறு செய்கிறவர்களைப் பிடிக்க, சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று கேட்டு 2018இல் தாக்கலான பொதுநல வழக்குகள் அவை. ஆதார் யோசனையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் செய்தியின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் வழி உண்டா என்ற கேள்வியை நீதிபதிகள் எஸ்.மணிக்குமார், சுப்பிரமணியம் பிரசாத் அமர்வு விரிவாக எடுத்துக்கொண்டது. 2019இல் சென்னை ஐஐடி பேராசிரியர் வி.காமகோடி (பின்னாளில் அந்த நிறுவனத்தின் இயக்குநர்) ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் அனுப்பியவரின் எண்ணையும் பூட்டி அனுப்பலாம், அதைத் திறக்கும் சாவி நிறுவனத்திடம் இருக்கட்டும், நீதிமன்றம் கேட்டால் திறந்து காட்டட்டும் என்றார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். கெட்டிக்காரக் குற்றவாளி ஆப்பைக் கொஞ்சம் மாற்றி எழுதி, வேறொருவர் எண்ணை ஒட்டி அனுப்பிவிடுவான், அப்பாவி மாட்டிக்கொள்வார் என்பது அவர் வாதத்தின் சாரம். வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான ஃபேஸ்புக் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 அக்டோபரில் சென்னை வழக்குகள் டெல்லிக்கு மாற்றப்பட்டன.

வழக்கு காத்திருக்கும்போதே மத்திய அரசு 2021 பிப்ரவரியில் விதியையே கொண்டுவந்துவிட்டது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகள், கேட்கப்பட்டால் இந்தியாவில் முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஏப்ரலில் நடந்த விசாரணையில், பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று அதன் வழக்கறிஞர் சொன்னார்.

அத்திமூரை நினைத்தபடி இந்த விதியை வாசித்தால் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. அந்த வதந்தி பூட்டுக்குள் ஒளிந்திருக்கவில்லை. நூறு பேர் இருக்கும் ஊர்க் குழுவில் வந்த செய்தி நூறு போனிலும் திறந்தே கிடக்கும். அதில் ஒருவர் ஸ்டேஷனில் போய்க் காட்டினால் போதும். அப்போது தேவைப்பட்டது ஊர் ஊராய் மைக் கட்டி ‘பிள்ளை பிடிக்கும் கும்பல் யாரும் வரவில்லை’ என்று சொல்லும் குரல். கொலைக்குப் பிறகு அதைப் போலீஸ் செய்தது. ஒரு வாரம் முன்பே செய்திருந்தால் என்ற ஏக்கம் இந்த மாவட்டத்துக்காரர்கள் பலருக்கும் உண்டு. முதலில் அனுப்பியவன் யார் என்று தெரிந்திருந்தாலும், அவன் அந்தக் கூட்டத்தில் நின்றவன் இல்லை. அடித்தவர்களை வீடியோக்களும் சாட்சிகளும் காட்டிக்கொடுத்தன. அதற்காக இந்தியாவில் உள்ள கோடிக்கணக்கான போன்களின் ஒவ்வொரு ‘காலை வணக்க’த்திலும் அனுப்பியவர் பெயரைக் குத்திவைக்கச் சொல்வது எப்படி நியாயமாகும்?

செயலாளர் கையெழுத்து

பூட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். பூட்டே இல்லாத சாதாரண போனை ஒட்டுக்கேட்க இந்த நாட்டில் என்ன நடைமுறை என்பதை யாரும் பேசுவதில்லை. உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், ‘பொது அவசர நிலை’ ஏற்பட்டாலோ ‘பொதுப் பாதுகாப்பு’க்குத் தேவைப்பட்டாலோ மட்டும் ஒட்டுக்கேட்கலாம் என்றது. அரசியல்வாதிகளின் போன்களை ஒட்டுக்கேட்ட விவகாரம் 1990களின் தொடக்கத்தில் வெளிவந்தபோது சிவில் உரிமை அமைப்பான பியுசிஎல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கு முன்பே 1988இல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டில் பதவி விலகியிருந்தார். 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, போனில் பேசுவது தனிமனிதரின் அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லிக் கட்டுப்பாடுகளை விதித்தது. உள்துறைச் செயலாளர் மட்டுமே உத்தரவு போடலாம். இரண்டு மாதம்தான் செல்லும், எவ்வளவு நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மறுஆய்வுக் குழு ஒவ்வொரு உத்தரவையும் சரிபார்க்க வேண்டும். முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று பியுசிஎல் கேட்டது. சட்டத்தில் அப்படி இல்லாததால் அதை மட்டும் நீதிமன்றம் தரவில்லை. அந்த ஒரு மறுப்பின் விலையை நாம் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏனென்றால் உத்தரவு கேட்பது அரசின் ஒரு கை, போடுவது மற்றொரு கை, சரிபார்ப்பது மூன்றாவது கை. மாநில மறுஆய்வுக் குழுவின் தலைவர் தலைமைச் செயலாளர், மற்றவர்களும் செயலாளர்கள். மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 உத்தரவுகள் போட்டுவந்தது என்று 2013இல் தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் ஒன்று சொன்னது. தரவுப் பாதுகாப்பு பற்றி நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த அறிக்கை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழுவின் முன் 15,000 முதல் 18,000 உத்தரவுகள் வந்து நிற்பதைச் சுட்டிக்காட்டியது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, ஒரு உத்தரவுக்கு ஒரே ஒரு நிமிடம் ஒதுக்கினாலும்கூட முடியாத வேலை அது. முகவரியைப் படிக்கும் நேரத்துக்குள் அடுத்த கோப்பு வந்துவிடும்.

மேல்மட்டத்தில் இருக்கிறவர்களுக்கே இதில் பாதுகாப்பு இல்லை. 2008இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநரும் போனில் பேசியது பத்திரிகையில் வரிவரியாக வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி பி.சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கும் அளவுக்கு அது போனது. ஒட்டுக்கேட்பு உத்தரவுகளை மறுஆய்வு செய்யும் குழுவுக்குத் தலைமை தாங்குகிறவரின் பேச்சுக்கே இந்த நிலை என்றால், செங்கம் சாலையில் பூ விற்கிற அம்மாவின் பேச்சுக்கு யார் பொறுப்பு?

இந்தப் பின்னணியில்தான் 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தந்த தீர்ப்பைத் தமிழ்நாட்டில் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறேன். ஒரு கல்வி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் வரி ஏய்ப்பிலிருந்து தப்பிக்க வருமான வரி அதிகாரிக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் கொடுக்க ஏற்பாடு செய்தார் என்பது சிபிஐயின் வழக்கு. அவர் போனை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்ட் 12 அன்று மத்திய உள்துறை உத்தரவு போட்டிருந்தது. நீதிபதி அந்த உத்தரவை ரத்து செய்தார். ரகசியமாக நடக்கும் குற்றத்தைக் கண்டுபிடிப்பது பொது அவசர நிலையும் இல்லை, பொதுப் பாதுகாப்பும் இல்லை. சட்டம் அனுமதித்த இரண்டு வாசல்களில் எதன் வழியாகவும் வராத ஒட்டுக்கேட்பு அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்கு எதிரானது. பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன்பும் வைக்கப்படவில்லை. ஆகவே அந்த உரையாடல்களை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றார். சிபிஐ தனியாகத் திரட்டிய மற்ற ஆதாரங்களைத் தொடவில்லை. சட்டவிரோதமாகக் கிடைத்தாலும் ஆதாரம் ஆதாரம்தான் என்று 1973 முதல் நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஏற்றுவந்த நாட்டில் இது பெரிய திருப்பம்.

இதற்குச் சில நாள் முன்பு டெல்லி உயர் நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு ஒப்பந்தம் தொடர்பான ஊழல் வழக்கில், அந்த அளவிலான ஊழல் நாட்டின் பொருளாதாரத்தையே பாதிக்கும், ஆகவே அது பொதுப் பாதுகாப்புக்குள் அடங்கும் என்றது. சென்னை சரியா, டெல்லி சரியா? ஊழலைப் பிடிக்க போனைக் கேட்கக் கூடாதா என்று கோபப்படும் வாசகரின் மனநிலை எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் ஊழலையும் சேர்த்துக் கேட்க வேண்டுமானால் நாடாளுமன்றம் அதைச் சட்டத்தில் எழுதட்டும். எழுதாததை அதிகாரி தானாகப் படித்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டால், நாளைக்கு அவர் எதிர்க்கட்சிக்காரரின் போனையும் பொதுப் பாதுகாப்பு என்றே படிப்பார்.

கேட்காமலே பிடித்த கதை

போலீஸின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதே, தாஜ் ஓட்டலிலும் நரிமன் ஹவுஸிலும் இருந்தவர்கள் பாகிஸ்தானில் இருந்த தங்கள் எஜமானர்களோடு பேசியதை நம் அமைப்புகள் பதிவு செய்தன. தாக்குதலை எங்கிருந்து இயக்கினார்கள் என்பதை உலகத்துக்குக் காட்டியது அந்தப் பதிவு. பொது அவசர நிலை என்ற சொல் எழுதப்பட்டது அப்படிப்பட்ட இரவுகளுக்காகத்தான்.

மறுபக்கம், நம் ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2023 பிப்ரவரி 12 அதிகாலை. திருவண்ணாமலை நகரிலும் போளூரிலும் கலசப்பாக்கத்திலுமாக 4 ஏடிஎம்களை கேஸ் கட்டரால் வெட்டி, 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிக்கொண்டு, கேமராப் பதிவு மிஞ்சக் கூடாது என்று இயந்திரங்களுக்குத் தீயும் வைத்துவிட்டுப் போனது ஒரு கும்பல். போலீஸ் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் அவர்கள் தங்கியிருந்த லாட்ஜைக் கண்டுபிடித்து, ஹரியானா வரை போய், சில நாட்களில் முக்கியமானவர்களைப் பிடித்தது. சாலையோர கேமராக்கள், லாட்ஜ் பதிவுகள், போலீஸ் பாஷையில் ‘டவர் டம்ப்’ எனப்படும், ஒரு டவரில் அந்த நேரத்தில் இருந்த எண்களின் பட்டியல், சிடிஆர் எனப்படும் அழைப்பு விவரம்: இன்றைய புலன்விசாரணையின் கைக்கருவிகள் இவை. இவற்றில் எதற்கும் எவர் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை, எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியதில்லை.

குற்றவாளிகளுக்கென்றே விற்கப்பட்ட பூட்டுப் போன்களும் எல்லோருடைய பூட்டையும் உடைக்காமலேயே விழுந்தன. ஐரோப்பாவில் என்க்ரோசாட் என்ற போன் கடத்தல்காரர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. ஆறு மாதச் சந்தாவே ஆயிரம் யூரோவுக்கு மேல். பிரெஞ்சு, டச்சுப் போலீஸார் அந்த நிறுவனத்தின் சர்வருக்குள் புகுந்து, 2020இல் மாதக்கணக்கில் செய்திகளைப் படித்தார்கள். 2023 ஜூனில் யூரோபோல் சொன்ன கணக்குப்படி கைதானவர்கள் 6,558 பேர். அமெரிக்க எஃப்பிஐ இன்னும் ஒரு படி மேலே போய், ஏனம் என்ற பூட்டுப் போனைத் தானே ஆள் வைத்துக் குற்றவாளிகளிடம் புழக்கத்தில் விட்டது. 12,000 போன்கள், 2.7 கோடி செய்திகள். 2021 ஜூனில் வலையைச் சுருட்டியபோது 800 பேருக்கு மேல் சிக்கினார்கள். அந்த முறைகளிலும் கேள்விகள் உண்டு, ஐரோப்பிய நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்தன. ஆனால் குறி குற்றவாளிகளின் போன் மீது இருந்தது.

சாவியைப் பொதுவில் செய்து வைக்கும் யோசனையும் பழையது. அமெரிக்க அரசு 1993இல் கிளிப்பர் சிப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பூட்டுத் தொலைபேசியில் அதைப் பொருத்தி, சாவியை இரண்டாக உடைத்து இரண்டு அரசு அமைப்புகளிடம் வைப்பது ஏற்பாடு. ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மாற்றுச்சாவி செய்து போலீஸ் ஸ்டேஷன் சுவரில் தொங்கவிடுவதைப் போன்றது. 1994இல் மேட் பிளேஸ் என்ற ஆராய்ச்சியாளர் அந்த ஏற்பாட்டையே ஏமாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். திட்டம் செத்துப்போனது. நம் அரசும் 2015 செப்டம்பரில், பூட்டி அனுப்பிய செய்திகளின் திறந்த வடிவத்தை மக்களே 90 நாள் சேமித்துவைக்க வேண்டும் என்று ஒரு வரைவுக் கொள்கையை வெளியிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றது.

போலீஸுக்காகத் திறந்து வைத்த வாசலில் திருடன் நுழைந்த கதைகளும் நடந்திருக்கின்றன. கிரீஸில் 2004, 2005இல் வோடஃபோன் இணைப்பகத்தில் சட்டப்படியான ஒட்டுக்கேட்புக்காக இருந்த மென்பொருளை யாரோ ரகசியமாக இயக்கி, பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்பட நூறு பேர் அளவில் ஒட்டுக்கேட்டார்கள். 2024இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சீனாவைச் சேர்ந்த ஊடுருவல் குழு புகுந்தபோது, நீதிமன்ற உத்தரவுப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்புகளையும் தொட்டிருந்தது தெரியவந்தது. பூட்டுக்கு எதிராக வருடக்கணக்கில் பேசிவந்த எஃப்பிஐயின் அதிகாரிகளே அந்த டிசம்பரில், பூட்டுள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள்.

ரமணாசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், விடுதிக்காரர்களும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் கொண்டுவருவது இந்தியாவில் குற்றம். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு துரயா, இரிடியம் போன்களுக்குக் கெடுபிடி அதிகம். 2025 ஜனவரியில் புதுச்சேரி விமான நிலையத்தில் அமெரிக்க டாக்டர் ஒருவரை இரிடியம் போனோடு பிடித்து நிறுத்தினார்கள். மலையேறுகிறவர்கள் ஆபத்துக்கு வைத்துக்கொள்ளும் கார்மின் கருவிக்காகவும் வடக்கே சிலர் மாட்டினார்கள். கையில் இருக்கும் சாதாரண போனில் பூட்டுப் போட்டுப் பேசுவதோ குற்றம் இல்லை. அதைச் சந்தேகத்தின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் நம் அதிகாரிகளிடமும் வர வேண்டாம்.

தந்திச் சட்டம் போய், 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. ஒட்டுக்கேட்பு விதிகள் 2024 டிசம்பர் 6 அன்று வெளியாயின. அதே இரண்டு வாசல்கள், அதே உள்துறைச் செயலாளர், 60 நாள், 180 நாள், அதே செயலாளர்களின் மறுஆய்வுக் குழு. 138 வருடம் கழித்து புதுச் சட்டம் எழுத உட்கார்ந்தபோதும் நீதிபதிக்கு ஒரு நாற்காலி போடவில்லை. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்ற வழக்குக்காக ஒட்டுக்கேட்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். கேட்டு முடித்த 90 நாட்களுக்குள், தள்ளிவைக்க நீதிபதி அனுமதிக்காவிட்டால், உன் போனைக் கேட்டோம் என்று அந்த ஆளுக்கே சொல்ல வேண்டும். எத்தனை உத்தரவுகள், எத்தனையில் பூட்டு குறுக்கே வந்தது என்று ஒவ்வொரு வருடமும் அறிக்கை வெளியாகிறது. நம் நாட்டில் கேட்கப்பட்டவருக்கு அது ஒருபோதும் தெரியவராது. சென்னை வழக்கின் மனுதாரருக்குத் தெரிந்ததுகூட சிபிஐ அவர் மீது வழக்குப் போட்டதால்தான். வழக்கே வராத ஆயிரக்கணக்கானவர்கள் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள்?

நீதிபதியின் அனுமதியைக் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதற்கு நாளாகும். தமிழ்நாடு அரசு நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. போன வருடம் மாநில உள்துறைச் செயலாளர் எத்தனை ஒட்டுக்கேட்பு உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டார், எத்தனையை மறுஆய்வுக் குழு ரத்து செய்தது, எத்தனை வழக்குகளில் அந்தப் பதிவு ஆதாரமாக நின்றது என்ற மூன்று எண்களைக் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கலாம். ஒருவர் பெயரும் வேண்டாம், ஒரு வழக்கின் ரகசியமும் வெளிவராது. உள்துறையைக் கையில் வைத்திருக்கும் முதலமைச்சரிடம் இதைக் கேட்க வேண்டியது திருவண்ணாமலை மாவட்டத்தின் 8 சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்துதான்.